ஹட் வீடு வாங்கும் முதலீட்டாளரே, முதலில் கடனை முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவில் வாடகைக்கு விட ஒரு வீடு தேடுகிறவர்களின் கண்ணில் என்றாவது ஒருநாள், ஹட் என்ற அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை வீடுகளை விற்கும் ‘ஹட் ஹோம்ஸ்டோர்’ இணையதளம் படும். கைக்கு எட்டும் விலை, விற்பவர் அரசாங்கம், பேரத்தை இழுத்தடிக்கும் உரிமையாளர் கிடையாது. ஆசை வருவது இயற்கைதான். ஆனால் புதிதாக இதில் இறங்குபவர்கள் தடுமாறும் இடம் கடன். நல்ல சம்பளமும் நல்ல கிரெடிட் ஸ்கோரும் இருப்பவர்களுக்குக்கூடக் கடைசி வாரத்தில் கடன் மறுக்கப்படுவதுண்டு. வங்கி ஏற்றுக்கொள்ளும் நிலையில் வீடு இருக்காது. அதைச் சரிசெய்துகொள்ள, கிரயம் முடியும்வரை ஹட் அனுமதிக்காது. ஒப்பந்தத்தின் நாள்களோ ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று நெருக்கும்போது, ஒப்பந்தத்தோடு கட்டிய முன்பணம் போய்விடுகிறது. எனவே வீட்டைப் பிடித்துவிட்டுக் கடன் தேடும் வழக்கமான வரிசையை இங்கே தலைகீழாக மாற்ற வேண்டும். எந்தப் பணத்தால் வாங்கப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்து, அந்தப் பணம் ஏற்கும் வீட்டை மட்டுமே ஏலம் கேட்க வேண்டும்.

இந்த வீடுகள் யாருக்காக விற்கப்படுகின்றன

எஃப்.எச்.ஏ. என்ற கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் 1934-இல் தொடங்கப்பட்டது. அது கடன் தருவதில்லை. வங்கி தரும் கடனுக்குக் காப்பீடு தருகிறது. கடன் வாங்கியவர் தவணை கட்டத் தவறினால் வங்கி வீட்டைக் கைப்பற்றி, காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு, வீட்டை ஹட் துறையிடம் ஒப்படைக்கலாம். அப்படி வந்து சேரும், ஒன்று முதல் நான்கு குடித்தனங்கள் கொண்ட வீடுகளே ஹட் வீடுகள். நீங்கள் நேரடியாக ஏலம் கேட்க முடியாது. ஹட்டில் பதிவு பெற்ற வீட்டுத் தரகர் வழியாகத்தான் கேட்க வேண்டும். வீடு எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே விற்கப்படும். பழுதுபார்ப்பும் கிடையாது, உத்தரவாதமும் கிடையாது.

இந்தத் திட்டத்தின் நோக்கம், குடியிருக்க வீடு தேடுபவருக்கு முதல் வாய்ப்பு தருவது. ஆகவே பட்டியலில் ஏறியதும் முதல் சில வாரங்கள் சொந்தமாகக் குடியேறுபவர்களுக்கும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் அரசு அமைப்புகளுக்கும் மட்டுமே ஒதுக்கப்படும். அந்தக் கால அளவு அவ்வப்போது மாற்றப்படுகிறது. முதலீட்டாளர் எந்தத் தேதியிலிருந்து கேட்கலாம் என்பதை ஒவ்வொரு வீட்டின் பக்கத்திலும் பாருங்கள். இதன் விளைவை யோசித்தால் கடன் சிக்கலின் வேர் புரியும். எளிதாகக் கடன் கிடைக்கும் நல்ல வீடுகளைக் குடியேறுபவர்கள் முதலிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். முதலீட்டாளரின் முறை வரும்போது மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி, வங்கி தயங்கும் வீடுகள்.

காத்திருக்கப் பொறுமையில்லாமல், ‘குடியிருக்கப்போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும், யார் வந்து பார்க்கப்போகிறார்கள்’ என்று யோசனை சொல்பவர்களை ஒருபோதும் நம்பாதீர்கள். குடியேறுபவருக்கான உறுதிமொழிப் படிவத்தில், குறைந்தது 12 மாதங்கள் அந்த வீட்டில் வசிப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் 250,000 டாலர் வரை அபராதமும் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கப்படலாம் என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. விசாவில் இருப்பவர்களுக்கு மோசடி வழக்கு என்பது அபராதத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. அதோடு, உண்மையிலேயே குடியிருக்க ஒரு வீடு தேடும் குடும்பத்தின் வாய்ப்பைத் தட்டிப் பறிக்கும் செயல் அது.

முதல் படி: பட்டியலின் குறியீட்டைப் படிப்பது

ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே எஃப்.எச்.ஏ. காப்பீட்டு நிலை குறிக்கப்பட்டிருக்கும். ஐ.என். என்றால் காப்பீட்டுக்குத் தகுதியானது. ஐ.இ. என்றால் சிறு பழுதுகள் உண்டு, அதற்கான தொகையை எஸ்க்ரோ என்ற மூன்றாம் தரப்புக் கணக்கில் ஒதுக்கிவைத்தால் தகுதி பெறும். யு.ஐ. என்றால் இப்போதைய நிலையில் தகுதி இல்லை.

முதலீட்டாளருக்கு எஃப்.எச்.ஏ. கடன் கிடைக்காது, இந்தக் குறியீடு எனக்கு எதற்கு என்று தாண்டிப் போய்விடாதீர்கள். வீட்டின் உடல்நிலையைப் பற்றி நமக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் தகவல் இதுதான். யு.ஐ. என்று போட்டிருந்தால், ஹட் அனுப்பிய மதிப்பீட்டாளரே பெரிய பழுதுகளைக் கண்டிருக்கிறார். உங்கள் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரும் அதே கூரையையும் அதே கழிவறையையும்தான் பார்க்கப்போகிறார்.

அதே பக்கத்தில் வீட்டின் நிலை குறித்த அறிக்கை ஒன்று இருக்கும். அதில் தண்ணீர்க் குழாய் பற்றிய வரியை முதலில் தேடுங்கள். காலியாகக் கிடக்கும் வீடுகளில் குளிரில் குழாய் வெடிக்காமலிருக்கத் தண்ணீரை வடித்து மூடிவைப்பார்கள். குழாய்களை அழுத்தச் சோதனை செய்தபோது அழுத்தம் நிற்கவில்லை என்று எழுதியிருந்தால், கிரயத்துக்கு முன் தண்ணீரைத் திறந்துவிட அனுமதி கிடைக்காது. தண்ணீரே ஓடாத வீட்டில் குழாய்கள் வேலை செய்கின்றன என்று எந்த மதிப்பீட்டாளரும் எழுத மாட்டார். சாதாரண வீட்டுக்கடன் அந்த ஒரு வரியிலேயே நின்றுபோகலாம்.

பிறகு வெப்பமூட்டி இருக்கிறதா, சமையலறை முழுதாக இருக்கிறதா, மின்சாரப் பெட்டியில் செம்புக் கம்பிகள் பிடுங்கப்பட்டிருக்கின்றனவா, வெள்ள அபாயப் பகுதியா என்று பாருங்கள். 1978-க்கு முன் கட்டிய வீடென்றால் ஈய வண்ணப்பூச்சு இருக்க வாய்ப்புண்டு. தரகரோடு உள்ளே போய்ப் பார்ப்பதும், பரிசோதகரை அழைத்துப் போவதும் ஏலம் கேட்பதற்கு முன்பே நடக்க வேண்டும். பரிசோதனையில் குறை கண்டுபிடித்தேன், முன்பணத்தைத் திருப்பிக்கொடுங்கள் என்று கேட்கும் உரிமை குடியேறுபவருக்குக் குறிப்பிட்ட சூழல்களில் உண்டு, முதலீட்டாளருக்கு இல்லை.

இரண்டாம் படி: எந்தப் பணம்

இணையத்தில் ஹட் வீடுகளைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் சலுகைகளை முதலில் ஒதுக்கிவைத்துவிடலாம். 100 டாலர் டவுன் பேமென்ட் திட்டம் குடியேறுபவர்களுக்கானது. ஆசிரியர், காவலர், தீயணைப்பு வீரர் போன்றோருக்குப் பாதி விலையில் தரும் திட்டம், 36 மாதங்கள் அங்கேயே வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருவது. பழுதுபார்ப்புச் செலவையும் சேர்த்துத் தரும் எஃப்.எச்.ஏ. 203(கே) கடன் 1996 முதல் முதலீட்டாளர்களுக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது. இன்னொன்றும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: 2025 மே 25 முதல், நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு, அதாவது எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு, சொந்தக் குடியிருப்புக்குக்கூட எஃப்.எச்.ஏ. கடன் கிடையாது.

மிஞ்சியிருப்பவற்றில் வட்டி குறைவானது, வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃபிரெட்டி மேக் நிறுவனங்களின் விதிகளின்படி வங்கிகள் தரும் சாதாரணக் கடன். சட்டப்படி வசிக்கும் விசாதாரர்களும் இதைப் பெற முடியும். ஃபேனி மே விதிப்படி முதலீட்டுக்கு வாங்கும் தனிவீட்டுக்குக் குறைந்தது 15 சதவீதமும், இரண்டு முதல் நான்கு குடித்தன வீட்டுக்கு 25 சதவீதமும் கையிலிருந்து போட வேண்டும். அதற்கு மேல் ஆறு மாதத் தவணைக்குச் சமமான தொகை கையிருப்பில் இருக்க வேண்டும். வரப்போகும் வாடகையில் 75 சதவீதத்தையே வருமானமாகக் கணக்கிடுவார்கள். கடன் உங்கள் சொந்தப் பெயரில்தான் கிடைக்கும், எல்.எல்.சி. என்ற தனி நிறுவனத்தின் பெயரில் கிடைக்காது.

இந்தக் கடனின் உண்மையான சிக்கல் வீட்டின் நிலை. மதிப்பீட்டாளர் வீட்டுக்கு சி1 முதல் சி6 வரை தரம் போடுவார். சி6 என்றால் பாதுகாப்பையோ கட்டுமான உறுதியையோ பாதிக்கும் பழுது இருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் கடன் நகராது. ‘பழுது நீங்கிய பிறகே இந்த மதிப்பு செல்லும்’ என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால், வங்கி ‘சரிசெய்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்லும். சாதாரண விற்பனையில் விற்பவரிடம் சொல்லிச் சரிசெய்ய வைக்கலாம். ஹட் சரிசெய்யாது. உங்கள் செலவில் நீங்கள் செய்வதற்கும் விடாது, ஏனென்றால் கிரயம் முடியும்வரை வீடு அரசாங்கத்துடையது. ஐ.என். வீடுகளுக்கும், ஐ.இ. வீடுகளில் பழுது மிகச் சிறியதாக இருப்பவற்றுக்கும் மட்டுமே இந்தக் கடனை நம்பலாம் என்பது என் கருத்து. யு.ஐ. வீட்டுக்கு இதை நம்பி ஏலம் கேட்காதீர்கள்.

பலருக்குத் தெரியாமல் போகும் வழி ஒன்று உண்டு. ஃபேனி மேயின் ‘ஹோம்ஸ்டைல் ரெனோவேஷன்’ கடன், வாங்கும் விலையையும் பழுதுபார்ப்புச் செலவையும் ஒரே கடனில் சேர்த்துத் தருவது. தனிவீடாக இருந்தால் முதலீட்டாளருக்கும் திறந்திருக்கிறது. வேலை முடிந்த பிறகு வீடு என்ன மதிப்புப் பெறும் என்பதை வைத்து மதிப்பிடுவதால், இன்றைய மோசமான நிலை தடையாவதில்லை. ஃபிரெட்டி மேக்கிடமும் ‘சாய்ஸ்ரெனோவேஷன்’ என்று இதேபோன்ற கடன் இருக்கிறது. மேலே சொன்ன முட்டுக்கட்டைக்கு நேரான தீர்வு இவைதான். ஆனால் ஒப்பந்ததாரரின் விரிவான செலவு மதிப்பீடு, திட்ட விவரம், வங்கியின் ஒப்புதல் என்று தாள்கள் கூடுதல், நாள்களும் கூடுதல். கடன் அதிகாரியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்த வகைக் கடனை முதலீட்டு வீட்டுக்கு நீங்களே முடித்திருக்கிறீர்களா, அதில் ஹட் வீடு ஏதாவது உண்டா? தயக்கத்தோடு பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். இந்தக் கடனை விளம்பரப் பலகையில் மட்டும் வைத்திருக்கும் நிறுவனங்கள் ஏராளம்.

வேகம் வேண்டும் என்றால் ஹார்ட் மணி கடன், அதாவது தனியார் கடன் தருபவர்கள் வீட்டை ஈடாக வைத்துத் தரும் குறுகியகாலக் கடன். வீட்டின் நிலை இவர்களுக்குப் பெரிய தடையில்லை. சில நாள்களில் பணம் கிடைக்கலாம். விலை அதிகம். 100,000 டாலர் கடன், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 2 பாயின்ட், அதாவது கடனில் 2 சதவீதம், கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 2,000, மாத வட்டி 1,000. ஆறு மாதத்தில் முடித்தால் 8,000 டாலர். ஒப்பந்ததாரர் இழுத்து ஒன்பது மாதமானால் 11,000. சொத்து வரியும் காப்பீடும் தனி. பழுதுபார்ப்புப் பணத்தையும் மொத்தமாகத் தர மாட்டார்கள். வேலை முடிந்த பகுதியைப் பார்வையிட்டுத் தவணையாகத் தருவார்கள். அதனால் முதல்கட்ட வேலைக்கான பணம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வாடகை வருமானத்தை அடிப்படையாகக் கொண்ட டி.எஸ்.சி.ஆர். கடன்கள் எல்.எல்.சி. பெயரில் கிடைக்கும். ஆனால் உடனே குடிவைக்கத்தக்க வீட்டையே அவை எதிர்பார்க்கின்றன. ஒஹையோ, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் கிடைக்கும் மலிவு வீடுகளுக்கு இன்னொரு தடை வரும்: சிறிய தொகைக் கடனைப் பல நிறுவனங்கள் தொடுவதே இல்லை. அந்த ஊரிலேயே இருக்கும் சிறு வங்கியையும் கிரெடிட் யூனியனையும் கேளுங்கள். கடனை விற்காமல் தங்கள் கணக்கிலேயே வைத்துக்கொள்பவர்கள் விதிகளைத் தாங்களே வகுக்கிறார்கள். அந்தத் தெருவையும் அறிந்திருப்பார்கள்.

கடைசியாக, ரொக்கம். குடியிருக்கும் வீட்டை ஈடாக வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ள ஏற்கெனவே திறந்துவைத்த ஹெலாக் கடனிலிருந்து எடுத்தாலும் ஹட்டைப் பொறுத்தவரை அது ரொக்கமே. யு.ஐ. வீடுகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. ஆனால் குடும்பம் வாழும் வீடு அடமானத்தில் நிற்கிறது என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்து ஒப்புக்கொண்ட பிறகே இதைச் செய்யுங்கள்.

ஊரிலிருந்து வரும் பணம்

அப்பா அனுப்பும் பணத்தை டவுன் பேமென்ட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற திட்டம் முதலீட்டு வீட்டுக்கு எடுபடாது. ஃபேனி மே விதிப்படி முதலீட்டு வீட்டுக்கு அன்பளிப்புப் பணத்தைப் பயன்படுத்த முடியாது. உங்கள் சொந்தச் சேமிப்பை இந்தியாவிலிருந்து கொண்டுவரலாம். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை, வருமான வரிப் படிவங்களுக்கான நடைமுறையோடு அனுப்ப இடமுண்டு. ஆனால் கணக்காயர் சான்றிதழ், வங்கியின் சரிபார்ப்பு என்று நாள்கள் கரையும். வந்த பணத்துக்கு மூலம் எது என்று கடன் தரும் வங்கி கேட்கும். வழக்கமாகக் கடைசி இரண்டு மாதக் கணக்கு விவரத்தைப் பார்ப்பார்கள். எனவே ஏலம் கேட்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே பணம் அமெரிக்கக் கணக்கில் டாலராக உட்கார்ந்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: ஏலத் தொகையைக் கணக்கிடுவது

ஹட் பார்ப்பது தனக்கு நிகரமாக எவ்வளவு கிடைக்கிறது என்பதை. தரகர் கமிஷன் போன்றவற்றைக் கழித்தபின் நிற்கும் தொகையை வைத்தே ஏலங்கள் ஒப்பிடப்படுகின்றன.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஹட்டின் மதிப்பீட்டை உங்கள் வங்கி ஏற்காது. தானே புதிதாக மதிப்பிடும். நீங்கள் 150,000 டாலருக்கு ஏலம் எடுத்திருக்கிறீர்கள், வங்கியின் மதிப்பீடு 138,000 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். விலை, மதிப்பு இரண்டில் குறைந்ததற்கே கடன் தருவார்கள். 138,000-இல் 85 சதவீதம் 117,300. ஆக, 22,500 போட்டால் போதும் என்று நினைத்த நீங்கள் 32,700 போட வேண்டும். ஹட் விலையைக் குறைக்காது. இந்த 10,200 டாலர் கையில் இல்லையென்றால் கிரயம் நடக்காது. ஏலத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது இந்தப் பள்ளத்துக்கென்று தனியாக வைத்திருங்கள்.

நான்காம் படி: ஏலம் கிடைத்த பிறகு

ஏற்புத் தகவல் வந்ததும் ஹட்-9548 என்ற ஒப்பந்தத்தை, முன்பணத்துக்கான வங்கிக் காசோலை, கடன் முன்னொப்புதல் கடிதம் அல்லது பண இருப்புச் சான்றுடன் சேர்த்து, வழக்கமாக இரண்டு வேலைநாள்களுக்குள் கொடுக்க வேண்டும். முன்பணம் 50,000 டாலர் வரையிலான விலைக்கு 500, அதற்கு மேல் பொதுவாக 1,000. சில பகுதிகளில் 2,000.

தொகை சிறியதாகத் தெரியலாம். ஆனால் எஃப்.எச்.ஏ. காப்பீடு இல்லாத விற்பனையில் முதலீட்டாளர் கிரயத்தை முடிக்கத் தவறினால், காரணம் எதுவானாலும் முன்பணம் முழுவதும் ஹட்டுக்கே. ‘கடன் மறுக்கப்பட்டது’ என்ற வங்கிக் கடிதமும் உதவாது. மதிப்பீட்டுக்கும் பரிசோதனைக்கும் கட்டிய பணமும் அதோடு போகும்.

ஒப்பந்தத்தில் யார் பெயர் என்பதை ஏலம் கேட்கும்போதே உறுதி செய்யுங்கள். ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. பிறகு பெயரை மாற்றுவதும் எளிதல்ல. எல்.எல்.சி. பெயரில் ஏலம் எடுத்துவிட்டு சொந்தப் பெயரில் மட்டும் கிடைக்கும் கடனுக்கு விண்ணப்பிப்பது, தொடங்கும் முன்பே கதவை மூடிக்கொள்வதாகும்.

கையெழுத்தான ஒப்பந்தம் கைக்கு வந்த அன்றே மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். தண்ணீர், மின்சாரத்தைத் திறக்க ஹட்டின் கள ஒப்பந்த நிறுவனத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும். அதற்கான விண்ணப்பமும் அன்றே போகட்டும். காப்பீட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஆளில்லாத, பழுதான வீட்டுக்கு வழக்கமான வீட்டுக் காப்பீடு கிடைக்காது. காலி வீட்டுக்கோ கட்டுமானக் காலத்துக்கோ உரிய தனிக் காப்பீடு வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் கடன் தருபவர் பணத்தை விடுவிக்க மாட்டார்.

கிரயத்துக்கு ரொக்கமென்றால் சுமார் 30 நாள், கடனென்றால் 45 நாள் என்பதே வழக்கமான கெடு. தாமதமாகும் என்று தெரிந்தால், கெடு முடியும் முன்பே நீட்டிப்பு கேட்க வேண்டும். 15 நாள்கள் கொண்ட தொகுதிகளாக நீட்டிப்பார்கள். 50,000 டாலருக்கு மேற்பட்ட வீட்டுக்கு நாளொன்றுக்கு 25 வீதம் ஒரு தொகுதிக்கு 375 டாலர் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஹட் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஐந்தாம் படி: கடனிலிருந்து வெளியேறும் வழி

ரொக்கம் கொடுத்து வாங்கியவர்களுக்கு ஃபேனி மே விதிகளில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. கிரயம் முடிந்த ஆறு மாதங்களுக்குள்ளேயே, காத்திருக்காமல், வீட்டை அடமானம் வைத்துப் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கலாம். தனிவீட்டுக்கு மதிப்பில் 75 சதவீதம் உச்சவரம்பு. அதோடு, வாங்கிய விலையையும் புதுக் கடனின் செலவுகளையும் தாண்டக் கூடாது. 100,000-க்கு வாங்கி, 30,000 செலவழித்து, வீடு இன்று 170,000 பெறும் என்றாலும், அந்த 30,000 இந்த வழியில் வெளியே வராது. ஹெலாக்கில் எடுத்து வாங்கியிருந்தால், புதுக் கடன் பணத்தில் முதலில் அதை அடைக்க வேண்டும்.

ஹார்ட் மணியில் வாங்கியவருக்கு இந்தச் சலுகை இல்லை. 2023 முதல், அடைக்கப்படும் முதல் கடனுக்குக் குறைந்தது 12 மாதங்கள் ஆகியிருந்தால்தான் ரொக்கம் எடுக்கும் ரீஃபைனான்ஸ், அதாவது பழைய கடனை அடைத்துவிட்டு மீதியைக் கையில் தரும் புதுக் கடன், கிடைக்கும். கைக்குப் பெரிதாக ரொக்கம் வராமல், பழைய கடனை மட்டும் அடைக்கும் ரீஃபைனான்ஸுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. ஹார்ட் மணியின் தவணைக்காலம் ஆறு மாதமா, பன்னிரண்டு மாதமா என்பதை இந்த விதியோடு பொருத்திப் பார்த்து, அதை அடைக்கப்போகும் வங்கியிடம் முன்கூட்டியே பேசிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சரிசெய்து விற்பதுதான் திட்டம் என்றால் 90 நாள் விதியைக் கணக்கில் வையுங்கள். நீங்கள் வீட்டுக்கு உரிமையாளராகி 90 நாள்களுக்குள் விற்பனை ஒப்பந்தம் போட்டால், வாங்குபவருக்கு எஃப்.எச்.ஏ. கடன் கிடைக்காது. 91-ஆம் நாளிலிருந்து 180-ஆம் நாள் வரை, நீங்கள் வாங்கிய விலையைப் போல இரு மடங்கோ அதற்கு மேலோ கேட்டால் இரண்டாவது மதிப்பீடு கேட்பார்கள். ஹட் உங்களுக்கு விற்றதற்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. நீங்கள் அடுத்தவருக்கு விற்பதற்கு இல்லை. மலிவு வீடுகளை வாங்க வருபவர்களில் பலர் எஃப்.எச்.ஏ. கடனை நம்பி வருபவர்கள் என்பதால், வட்டிக் கணக்கில் இந்த மூன்று மாதங்களையும், அதற்குப் பிறகு வாங்குபவரின் கடன் முடிய ஆகும் வாரங்களையும் சேர்த்தே போடுங்கள்.